அணை இருக்கு, காற்று இருக்கு... தேனியில் இருந்துகொண்டு யாட் கிளப்பில் சேரலாமா?

ஆடி மாதம் தேனியிலிருந்து ஆண்டிபட்டிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலைத் திறக்கத் தயங்குவார்கள். அப்படி ஒரு காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாக இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அது. சுற்றுவட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகள் ஓய்வே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்தச் சாலையிலிருந்து கொஞ்சம் விலகிப் போனால் வைகை அணை. 1959-ல் திறக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு 71 அடி. நிறைந்து நிற்கும் நாளில் கரையில் நின்று பார்த்தால் அக்கரை மங்கலாகத்தான் தெரியும். தண்ணீர் இருக்கிறது, அதன்மேல் காற்றும் இருக்கிறது. பாய்மரப் படகு ஓட்ட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மீன்பிடிக்கும் பரிசல்கள் மட்டும்தான்.

ஆசிய விளையாட்டு, ஒலிம்பிக் என்று பாய்மரப் படகு வீடியோக்கள் செல்போனில் வந்து விழும் காலம் இது. கம்பத்திலோ சின்னமனூரிலோ இருக்கும் ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘இதைக் கத்துக்க எங்கே சேரணும்?’ என்று கேட்டால், பெற்றோர் கூகுளில் தேடுவார்கள். முதலில் வந்து நிற்பது ‘யாட் கிளப்’. அடுத்த நிமிடமே, சேர எவ்வளவு ஆகும், சேர்ந்தால் பலன் உண்டா என்ற கேள்வி வந்துவிடும்.

சென்னைவாசிக்கு இது பெரும்பாலும் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. தேனிக்காரருக்குப் பணத்தோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. கூடவே, வீட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் அதில் இறங்க முடியவில்லை என்ற கேள்வியும்.

வெள்ளைக் கப்பல் இல்லை

யாட் என்றதும் சினிமாவில் வரும் வெள்ளைக் கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும். மேல்தளத்தில் கூலிங் கிளாஸ், கையில் ஜூஸ், பின்னணியில் டூயட். அதை மறந்துவிடுவது நல்லது. இந்தியாவில் உள்ள பாய்ப்படகு கிளப்புகளில் பிள்ளைகள் பழகுவது ‘டிங்கி’ என்கிற சின்னப் படகில். ஒருவரோ இருவரோ உட்காரலாம். இன்ஜின் கிடையாது. ஒரு பாய், ஒரு சுக்கான், நிறையக் கயிறு.

அதிலும் சிறுவர்களுக்கான ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற வகையின் கதை சுவையானது. 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் கிளியர்வாட்டர் என்ற ஊரில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. இரண்டு பிளைவுட் பலகை இருந்தால் செய்துவிட வேண்டும், சாதாரண வீட்டுப் பிள்ளையும் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தரப்பட்ட நிபந்தனை. நீளம் ஏழரை அடிதான். நம்மூர் மாட்டுவண்டியைவிடச் சின்னது. உலகம் முழுக்க 15 வயதுவரை உள்ள பிள்ளைகள் இன்றும் இதில்தான் போட்டி போடுகிறார்கள். ஆக, பாய்ப்படகு என்பது பிறவிப் பணக்காரர்களுக்கு மட்டுமான விளையாட்டு இல்லை. அதைச் சுற்றி எழுந்த கிளப்புகள்தான் அப்படி ஒரு தோற்றத்தைக் கொடுத்துவிட்டன.

அந்தத் தோற்றம் சும்மா வரவில்லை. ராயல் பாம்பே யாட் கிளப் தொடங்கியது 1846-ல். சென்னையில் துடுப்புப் படகுக்கான மெட்ராஸ் போட் கிளப் 1867-ல். எல்லாமே வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் மாலைப் பொழுதைக் கழிக்க ஏற்படுத்திக்கொண்ட இடங்கள். படகு ஒரு பக்கம் என்றால் பார், டைனிங் ஹால், ‘யார் யாரை உள்ளே விடுவது’ என்ற விதிகள் இன்னொரு பக்கம்.

பெரியகுளத்துக்கு மேலே ஒரு கிளப்

தேனிக்கு மிக அருகில் இருக்கும் படகு கிளப் கடற்கரையில் இல்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல்.

நிர்வாகக் கணக்கில் கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம். ஆனால் கொடைக்கானலின் பழைய வாசல் பெரியகுளம்தான். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மலைமேல் வீடு கட்டியபோது மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதை ஏறும். வசதி உள்ளவர்கள் குதிரையிலும் டோலியிலும் போவார்கள். மற்றவர்கள் சுமையோடு நடப்பார்கள். இன்றும் கும்பக்கரை அருவிக்கு மேலே வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு மலையேறுகிறவர்கள், சாலையே இல்லாத காலம் எப்படி இருந்திருக்கும் என்பதை முழங்காலால் தெரிந்துகொள்வார்கள்.

அந்தக் காலத்தில் மதுரை கலெக்டராக இருந்தவர் சர் வீர் ஹென்றி லெவிஞ்ச். 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை கட்டி, நட்சத்திர வடிவில் பரந்து கிடக்கும் இன்றைய ஏரியை உருவாக்கியது அவர்தான். ஏரியில் மீன் விட்டார். தூத்துக்குடியிலிருந்து படகு ஒன்றையும் வரவழைத்தார். ரோடு இல்லாத மலைக்கு ஒரு படகை எப்படித்தான் ஏற்றினார்களோ! துரை ஆசைப்பட்டதற்குத் தோள் கொடுத்தவர்களின் பெயர்களை எந்தப் பதிவும் சொல்வதில்லை.

1890-ல் அங்கே ‘கொடைக்கானல் போட் அண்ட் ரோயிங் கிளப்’ தொடங்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது உறுப்பினர்களின் இடமாகவே இருந்தது. பிறகு 1932-ல் சுற்றுலாப் பயணிகளுக்கும் பொதுமக்களுக்கும் கதவைத் திறந்தது. முழு உறுப்பினராக இல்லாதவர்களும் படகு ஏற வழி பிறந்தது. ‘சேரலாமா, வேண்டாமா’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் தேனிக்காரருக்கு இந்த வருடம் முக்கியமானது. சேராமலேயே ஏரியில் இறங்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

இன்று ஏரியில் பெடல் போட்டும் துடுப்புப் படகும் வாடகைக்கு எடுக்கலாம். மே மாதக் கோடை விழாவில் படகுப் போட்டி, படகு அலங்காரப் போட்டி எல்லாம் நடக்கும். ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

தேனியிலிருந்து போவது எளிது. பெரியகுளம், தேவதானப்பட்டி தாண்டி காட்ரோடு வரை சமவெளி. அங்கிருந்து மலைப்பாதை. டம்டம் பாறையில் நிறுத்தி எலிவால் அருவியைப் பார்த்துவிட்டு ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. சீசனில், அதுவும் சனி ஞாயிறில், ஏரிக்கரையில் காத்திருக்கும் நேரம் படகில் இருக்கும் நேரத்தைவிட அதிகம். ஜூலைக்குப் பிறகு ஒரு வார நாளில் காலையில் போனால் மூடுபனி ஏரிமீது படிந்திருக்கும். கூட்டமும் இருக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானல் ஏரியில் வாடகைப் படகு எடுப்பவருக்குக் கிடைப்பது துடுப்புதான். பாய் இல்லை. ஆனாலும் பிள்ளைக்கு உண்மையிலேயே படகு பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. பெடல் போட்டைத் தவிர்த்துத் துடுப்புப் படகையே எடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் உள்ளங்கை சிவக்கும். படகு போக வேண்டிய பக்கம் போகாது. ‘போதும் அப்பா’ என்று கரையேறினால் பெரிய செலவு மிச்சம். ‘இன்னொரு தடவை’ என்றால் மேற்கொண்டு படிக்கலாம்.

சென்னைக் கணக்கு

பாய்ப்படகுக்கென்றே தமிழ்நாட்டில் உள்ள பழைய கிளப் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். 1911-ல் தொடங்கியது. தொடங்கியவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். அப்போது சென்னைத் துறைமுகத்தின் தலைவர். இந்தப் பெயரை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? 1912-ல் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்த கணிதமேதை ராமானுஜனுக்குத் துணை நின்ற அதே ஸ்பிரிங்தான். கிளப் இருப்பது துறைமுகப் பகுதியில். தெருவில் போகிறவர் எட்டிப்பார்த்துவிட்டு வரும் இடம் இல்லை.

சந்தா, நுழைவுக் கட்டணம் எல்லாம் அவ்வப்போது மாறும். எனவே கிளப்பிலேயே நேரடியாகக் கேட்பதுதான் சரி. ஆனால் இதுபோன்ற கிளப்புகள் பெரும்பாலும் எப்படி இயங்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் என்ன கேட்க வேண்டும் என்பது புரியும். சேரும்போது ஒரு தடவை நுழைவுக் கட்டணம். அது பொதுவாகத் திரும்பி வராது. பிறகு வருடச் சந்தா. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். தேனிக்காரருக்கு முதல் தடையே இதுதான். அங்கே யாரைத் தெரியும்?

சேர்ந்துவிட்டால் படகு இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. கிளப் படகுக்கு வாடகை இருக்கலாம். சொந்தப் படகு என்றால் நிறுத்த இடவாடகை, பாய் கிழிந்தால் தைக்கும் செலவு, கயிறு, பெயின்ட் என்று நீளும். பயிற்சிக் கட்டணம் பெரும்பாலும் தனி.

ஒரு பேச்சுக்கு, சந்தா, வாடகை, பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு கிளப்பில் வருடத்துக்கு 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் பிள்ளை வாரம் ஒருநாள் வீதம் வருடத்துக்கு 50 நாள் படகில் ஏறினால், ஒருநாளைக்கு 1,200 ரூபாய். அதே தொகையைக் கட்டும் தேனிப் பிள்ளை வருடத்துக்கு நாலு தடவை போய், தடவைக்கு இரண்டு நாள் தங்கினால் மொத்தம் எட்டு நாள். ஒருநாளைக்கு 7,500 ரூபாய். ரயில், லாட்ஜ், சாப்பாடு, கூடப் போகும் அப்பாவின் லீவு எல்லாம் தனி.

ரயில் என்றதும் ஒரு நல்ல செய்தியையும் சொல்லலாம். மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்த 2010-ல் நிறுத்தப்பட்ட மதுரை – போடி ரயில், 2022-ல் தேனிவரையும் 2023-ல் போடிவரையும் திரும்பி வந்தது. அதோடு போடி – சென்னை சென்ட்ரல் எக்ஸ்பிரஸும் தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள். சனி, ஞாயிறு பயிற்சிக்கு ஏற்ற நாளில் ரயில் இல்லையென்றால் பழையபடி மதுரை, திண்டுக்கல் போய்த்தான் ஏற வேண்டும்.

வருடத்தில் முப்பது நாளாவது தண்ணீரில் இருக்க முடியாதவருக்கு முழு உறுப்பினர் அட்டை நஷ்டக் கணக்கு. தேனியில் இருந்துகொண்டு முப்பது நாள் என்பது நடக்காத காரியம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அட்டைக்காகவே சேருகிறவர்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம், சென்னையில் அடிக்கடி மீட்டிங், வருகிற விருந்தாளியை அழைத்துப்போக ஒரு நல்ல டைனிங் ஹால் வேண்டும், மற்ற ஊர் கிளப்புகளோடு உள்ள உடன்பாட்டில் அங்கும் தங்கலாம் என்றால், அது வேறு கணக்கு. அதில் தப்பில்லை. பாயையும் காற்றையும் சாக்கு சொல்லாமல் இருந்தால் சரி.

படகு ஓட்டத்தான் ஆசை என்றால் சேருவதற்கு முன்னால் வேறு ஒரு கதவு இருக்கிறது. நேத்ரா குமணனின் கதையைப் பாருங்கள். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர். அந்தச் சென்னைப் பெண் முதன்முதலாகப் படகில் ஏறியது தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கம் நடத்திய ஒரு கோடைகாலப் பயிற்சி முகாமில். 2009-ல். டான்ஸ், டென்னிஸ் என்று எதையெல்லாமோ முயன்று பார்க்கும் வயதில் அதுவும் ஒன்றாக வந்தது.

எனவே தேனிக் குடும்பத்துக்குப் பொருத்தமானது கோடை முகாம். சில நாட்கள், ஒரே கட்டணம், பரிந்துரைக்க ஆள் தேவையில்லை. சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தங்கும் செலவும் கிடையாது. ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசைக் கடற்கரையிலும் நீர் விளையாட்டுப் பயிற்சி நடக்கிறது. மதுரைக்குத் தெற்கே இருக்கிறவர்களுக்குச் சென்னையைவிட அது பக்கம். இரண்டு கோடைகள் போய்வந்த பிறகும் பிள்ளை மூன்றாவது கோடையைக் கேட்டால், அப்போது கிளப்பைப் பற்றி யோசிக்கலாம். அதுவும், படிப்புக்காகச் சென்னை போகும் எண்ணம் இருந்தால்.

தேக்கடியில் ஏன் முடியாது?

‘அவ்வளவு தூரம் எதற்கு, கூடலூர் தாண்டினால் தேக்கடி ஏரி இருக்கிறதே?’ என்று கம்பத்துக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. அந்த ஏரி இருப்பதற்குக் காரணமே இந்தப் பள்ளத்தாக்குதான்.

பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். அந்த அணைக்குப் பின்னால் தேங்கிய நீர்தான் தேக்கடியில் நாம் பார்க்கும் ஏரி. சுமார் 26 சதுர கிலோமீட்டர். லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு இறங்கும் அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த மணிமண்டபமும், ஜனவரி 15-ம் தேதி அவர் பிறந்தநாளில் பாலார்பட்டியில் வைக்கிற பொங்கலும் அந்த நன்றிக்குத்தான்.

ஆனால் தண்ணீர் நமக்கு வருகிறது என்பதும், தண்ணீரின் மேல் நாம் போகலாம் என்பதும் வேறு வேறு. 1886 குத்தகை ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கு. அதில் ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையும் சென்னை மாகாணத்துக்கு இருந்தது. 1970-ல் துணை ஒப்பந்தம் போட்டபோது மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளாவுக்கு விட்டுக்கொடுத்தது. குத்தகைத் தொகை ஏக்கருக்கு 30 ரூபாய் என்று உயர்ந்தது. மின்சாரம் எடுக்கும் உரிமை நமக்கு உறுதியானது. இன்று ஏரியில் ஓடுவது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகளும் வனத்துறைப் படகுகளும்தான். சுற்றிலும் புலிகள் காப்பகம். தனியார் ஒருவர் பாயை விரித்துக்கொண்டு இறங்குவது நடக்காது. நடக்கவும் கூடாது. யானை தண்ணீர் குடிக்க வரும் கரை அது.

தேக்கடியைப் பற்றிப் பேசும்போது 2009 செப்டம்பர் 30-ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று மாலை ‘ஜலகன்யகா’ என்ற இரட்டை அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததைப் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. இப்போது லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் அங்கே படகில் இடம் கிடையாது. ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளும் பயணிகளை இன்றும் பார்க்கலாம்.

கிளப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் சந்தாவுக்கு முன்னால் கேட்க வேண்டியது இதைத்தான். பிள்ளையின் அளவுக்கு ஏற்ற ஜாக்கெட் இருக்கிறதா? பயிற்சிப் படகுகளோடு ஒரு மோட்டார் படகு மீட்புக்காகக் கூடவே வருகிறதா? ஒரு பயிற்சியாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்? படகு கவிழ்ந்தால் நிமிர்த்துவதை முதல் நாளே சொல்லித் தருகிறார்களா? டிங்கி கவிழும். அது விபத்து இல்லை, பாடத்தின் ஒரு பகுதி. கவிழ்ந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல இடமும் மோசமான இடமும் பிரியும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் டைனிங் ஹால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

வைகைக்கு ஒரு பாய்

மறுபடி வைகை அணை. இங்கே ஏன் ஒரு சின்னப் பயிற்சி மையம் வரக் கூடாது?

காற்றைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். 2017 ஏப்ரலில் ஆவியாதலைத் தடுக்க அணைத் தண்ணீரில் அமைச்சர் முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்களே, நினைவிருக்கிறதா? கொஞ்ச நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்கே தள்ளிவிட்டது. மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். பாய்ப்படகு பழகியவர் அதைப் பார்த்திருந்தால், அடடா, நல்ல காற்று என்றுதான் சொல்லியிருப்பார்.

எதிர்ப்பக்க நியாயங்களும் இருக்கின்றன. வைகை அணை மதுரைக்குக் குடிநீர். ஐந்து மாவட்டப் பாசனம். வருடம் முழுவதும் மட்டம் ஒரே மாதிரி இருக்காது. மழை பொய்த்த வருடத்தில் கரையிலிருந்து தண்ணீரைத் தொடவே சேற்றில் வெகுதூரம் நடக்க வேண்டும். பரிசலில் வலைபோட்டுப் பிழைக்கும் மீனவர்களின் இடம் அது. பொழுதுபோக்குக்காக அவர்களை ஒதுக்கினால் அதைவிட அநியாயம் இல்லை.

குடிநீர் ஏரியில் பாய்ப்படகு கூடாது என்பார்கள். அதற்குப் போபால் பதில் சொல்கிறது. மத்தியப் பிரதேசத்துக்குக் கடலே கிடையாது. போபாலின் ‘பெரிய ஏரி’ பதினோராம் நூற்றாண்டில் போஜ ராஜா வெட்டியது என்பார்கள். நகரத்துக்குக் குடிநீர் தருவதும் அதுதான். அந்த ஏரியில் அரசுப் பயிற்சிப் பள்ளியில் பாய்ப்படகு சொல்லித் தருகிறார்கள். பாய்க்கு டீசல் வேண்டாம், புகை இல்லை, எண்ணெய் கசிவதில்லை. மீட்புப் படகு ஒன்றுக்கு மட்டும்தான் இன்ஜின்.

அங்கே பயின்ற நேஹா தாக்கூர் தேவாஸ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த விவசாயி மகள். 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் சிறுமியர் டிங்கி பிரிவில் வெள்ளி வாங்கினார். அப்போது வயது 17. அவரைக் கொண்டுபோனது அப்பா வாங்கிய கிளப் சந்தா இல்லை. பக்கத்தில் ஓர் ஏரியும் அதில் இறங்க அரசு திறந்துவைத்த வழியும்தான். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்து வீடுகளிலும் வீரபாண்டி நெல்வயல் வீடுகளிலும் அந்த வயதில் எத்தனை நேஹாக்கள் இருப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பெரிய கட்டடம் ஒன்றும் வேண்டாம். பத்து ஆப்டிமிஸ்ட் படகு, ஒரு மீட்புப் படகு, ஒரு கொட்டகை, இரண்டு பயிற்சியாளர்கள். தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் மட்டும் நடத்தலாம். நீர்வளத்துறையும் மீன்வளத்துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அந்த மேஜையில் ஒரு நாற்காலி பரிசல் ஓட்டும் மீனவருக்கும் போட வேண்டும். எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று திரும்பும், எங்கே பழைய மரத்தின் வேர் தண்ணீருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

அது வரும்வரை தேனியில் இருக்கும் குடும்பம் செய்யக்கூடியது, உறுப்பினர் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு நீச்சலைத் தொடங்குவது. எந்தப் பயிற்சி முகாமும் முதலில் கேட்பது அதைத்தான். இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகுவது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிது இல்லை. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இருந்தால் கிணறே போதும். முல்லையாற்றில் மட்டும் பழக வேண்டாம். பாசனத்துக்குத் திறந்துவிடும் நாட்களில் அதன் வேகம் நிமிடத்தில் மாறும்.